பண்ருட்டி வரைக்கும்

"மூத்தவ ஆசியாவை மட்டும் என் வீட்டுல விட்டுட்டுப் போங்க. மத்தவங்க எங்க வேணும்னாலும் போயிட்டு வாங்க" என்றார் கிபாயத்துல்லா.

தம்பி முஹம்மது இஸ்மாயில் ஜீப்புக்குப் பின்னால் குனிந்து கொக்கியை இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தான். கடலூர் முதுநகரில் அவனுக்கு மோட்டார் பட்டறை. பழைய பட்டாளத்து டிரெய்லர் ஒன்றை வாங்கி, அதன்மேல் பலகை அடித்து, தகரக் கூரை போட்டு, ஜன்னல் வைத்து, குடும்பமே படுத்துக்கொள்கிற மாதிரி ஓர் அறை கட்டியிருந்தான். தெருவில் அதற்குச் 'சக்கர வீடு' என்று பேர். நாளைக் காலையில் அதை ஜீப்பில் பூட்டிக்கொண்டு எல்லோரும் ஏற்காடு புறப்படுவதாக ஏற்பாடு.

கிபாயத்துல்லாவுக்குச் சிதம்பரத்தில் ஜவுளிக்கடை. இஸ்மாயிலின் மூத்த மகள் ஆசியா அவர் வீட்டில் தங்கித்தான் பி.யூ.சி. படித்து முடித்தாள். அந்த உரிமையில் அவளுக்கு மாப்பிள்ளையும் அவரே பார்த்துவிட்டார். பையன் பினாங்கில் இருக்கிறான். வருகிற திங்கட்கிழமை அவனுடைய தாயும் தகப்பனும் பரங்கிப்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். வயசுப் பெண் ரோட்டோரத்தில் வண்டியில் படுத்து ஊர் சுற்றினாள் என்று அவர்கள் காதில் விழுந்தால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டார்.

"முடியாதுண்ணே. அவளும் வரட்டும்" என்றான் இஸ்மாயில்.

அண்ணன் பேச்சுக்கு அவன் மறுபேச்சுப் பேசியது அதுதான் முதல் தடவை. கிபாயத்துல்லா அவனை ஏற இறங்கப் பார்த்தார். அப்படியானால் திங்கட்கிழமை கழித்துப் புறப்படுங்கள் என்றார். அதற்கும் இஸ்மாயில் தலையாட்டவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சைதுன் பீவி வெளியே வந்தாள். ஸ்டவ், மண்ணெண்ணெய், அரிசி, தண்ணீர் டிரம் என்று எல்லாவற்றையும் மூன்று தடவை எடுத்து வைத்துவிட்டாள்.

"மச்சான் கோவமாப் போறாரே. காலையில வந்து நின்னுட்டா என்னங்க பண்றது?"

"அவர் வர்றதுக்குள்ள கெளம்பிடுவோம்" என்றான் இஸ்மாயில்.

மறுநாள் சின்னப் பிள்ளைகள் இரண்டும் விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறிவிட்டன. ஏற்காட்டில் படகு விடலாம் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது. ஆசியா பின்சீட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இஸ்மாயில் இஞ்சினைக் கிளப்பினான். அப்போது தெருமுனையில் குடை தெரிந்தது. முதல் பஸ்ஸிலேயே கிபாயத்துல்லா வந்துவிட்டார்.

அவர் யாரையும் திட்டவில்லை. சக்கர வீட்டைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"பண்ருட்டி வரைக்கும் நானும் வர்றேன். இந்தப் பெட்டி ஒழுங்கா வருதான்னு பாத்துட்டு, அங்கேர்ந்து பஸ் புடிச்சுக்கிறேன்."

நெல்லிக்குப்பம் தாண்டியது. பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். ஏற்காட்டில் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? மலையில் இந்த ஜீப் இழுக்குமா? என்றைக்குத் திரும்பி வருவீர்கள்? இஸ்மாயில் எல்லாவற்றுக்கும், "போய்ப் பாத்துக்கலாம்ணே" என்றான். திருவதிகைக்குப் பக்கத்தில் கியர் மாற்றத் தெரியாதவன் போலத் தடுமாறி வண்டியை நிறுத்தியே விட்டான். பின்சீட்டில் சைதுன் பீவி உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள். ஆசியா அம்மாவின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

பண்ருட்டி நாலு ரோட்டில் கிபாயத்துல்லா இறங்கினார். நேரே போனால் சேலத்துப் பாதை. வலது பக்கம் விழுப்புரத்துக்குப் போகும் ரோடு. இஸ்மாயில் இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"உங்களுக்கு பஸ் வரட்டும்ணே. ஏத்தி வுட்டுட்டுப் போறோம்."

"வேணாம். நீ போறதைப் பாத்துட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன். கெளம்பு."

வேறு வழியில்லை. இஸ்மாயில் சக்கர வீட்டை நேர் ரோட்டில் மெதுவாக நகர்த்தினான். இருபது கஜம் போயிருக்கும். பின்னாலிருந்து, "நிறுத்து" என்று குரல் வந்தது. கிபாயத்துல்லா வேகமாக நடந்து வந்து அவன் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சைதுன் பீவி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் இஸ்மாயிலைப் பார்க்கவில்லை. பின்சீட்டில் இருந்த ஆசியாவின் பக்கம் குனிந்தார்.

"நேத்து நான் திரும்பிப் போனப்ப, உன் காலேஜ் டீச்சரம்மா கடையில நின்னாங்க. பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போவுதாமே, நாளன்னிக்குக் காலையில மெட்ராசுல இன்டர்வியூவாமேன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு சந்தோசப்படுறாங்க. எனக்கு மட்டுந்தான் தெரியல."

சைதுன் பீவி கண்ணைத் திறந்தாள்.

"வண்டியைத் திருப்புடா இஸ்மாயிலு, மெட்ராசுக்கு விழுப்புரம் ரோடுதானே" என்றார் அவர். "திங்கக்கிழமை வர்றவங்ககிட்ட, எல்லாரும் ஏற்காட்டுல இருக்காங்கன்னு நான் சொல்லிக்கிறேன்."