எட்டாத காது

பிறந்த தேதி கேட்கும் கட்டம் திரையில் வந்து நின்றது.

அவளே எழுதியது.

பதினோரு வருஷமாகச் சம்பளம் இல்லாமல் அவள் வளர்த்த, கணினியையே ஓட்டும் இயங்குதளத்தில்தான் அந்தக் கட்டம். அந்த இயங்குதளத்தை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். ஆகாது என்று தூக்கிப்போட்ட கணினிகூட அதைப் போட்டால் எழுந்து உட்காரும்.

நீ யார், எவர் என்று இதுவரை ஒருவரையும் அது கேட்டதில்லை.

எங்கோ கடல் தாண்டி ஒரு சட்டம் போட்டார்கள். பாளையங்கோட்டையில் இவள் தலையில் விடிந்தது. கணினியைத் திறப்பவரின் வயதை இயங்குதளமே கேட்டு வாங்கி, கேட்கிற செயலிக்கெல்லாம் சொல்ல வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் செய்யாவிட்டால், அதை இணையத்தில் வைத்திருக்கும் நிறுவனம் மொத்தமாக நீக்கிவிடும்.

பிள்ளைகளைக் காப்பாற்றத்தானாம்.

தூ.

கூட வேலை செய்யும் ரூபன் சமாதானம் சொன்னான்.

"ஒரு கட்டந்தானக்கா. பொய்த் தேதி போட்டாலும் ஏத்துக்கிடும்."

அதுதான் இன்னும் அசிங்கமாக இருந்தது.

அவளுக்குப் பிறவியிலேயே கைகள் குட்டை.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனபோது பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அந்தக் காலத்தில் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் வீட்டுக்கு.

அவள் வீட்டுக்குத் திரும்பினாள். அடுத்த வருஷமும் திரும்பினாள்.

மூன்றாம் வருஷம் ஹெட்மாஸ்டர் அவள் காதைப் பிடித்து விரல் வரைக்கும் இழுத்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும்தான்.

வாய்க்கு வந்த ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தத் தேதியைத்தான் இப்போது கட்டத்தில் அடித்தாள்.

'நன்றி. உங்கள் வயது உறுதி செய்யப்பட்டது' என்றது திரை.

அவளுடைய தமிழ். அவள் பார்த்துப் பார்த்து வைத்த எழுத்துரு.

காது சுட்டது.

அவளை அறியாமல் வலது கை எழுந்தது. தலைக்கு மேலே போயிற்று. விரல்கள் தேடின.

இன்றைக்கும் எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தால் வரட்டும்.

அந்தக் கையை இறக்காமலே, அந்தக் கட்டத்துக்காக எழுதியதை எல்லாம் இடது கையால் அழித்தாள்.