வாசல் கதவுக்கு வெயில் மருந்து

"கதவு மஞ்சளாச்சுன்னா தோலை உரிச்சிடுவேன்" என்றார் மரப் பட்டறை முதலாளி. அவருடைய புது வீட்டு வாசல் கதவு அது. தெருவையும் வெயிலையும் பார்த்து நின்றது.

"வார்னிஷ்ல வெயில் மருந்து கலந்திருக்கு சார். மஞ்சளாகாம அப்படியே இருக்கும்" என்றான் பாலிஷ்காரன்.

"அந்தச் சின்ன டப்பா?"

"மருந்து கலக்காதது. வெயில் படாத இடத்துக்கு."

"கை சுத்தமில்லன்னாலும் வேலை சுத்தம்டா உனக்கு. அதான் விட்டு வச்சிருக்கேன்."

பட்டறையில் மரம் தேய்க்கும் சாண்டிங் மெஷினைத் தானே விற்றுவிட்டு, எல்லார் முன்னாலும் திருட்டுப் பழியை இவன் தலையில் கட்டியவர் அவர்.

கதவு கண்ணாடியாய் மின்னியது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

சின்ன டப்பாவில் தொட்டுக் கதவின் நடுவில் அவன் எழுதியது இன்று யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு கோடை காய்ந்தால் அந்த எழுத்துகள் மட்டும் மஞ்சளாக எழும்பும்: 'திருடன் வீடு'.