மெக்சிகோவில் ஒரு நல்ல ஊர்

“அந்த ஊர்ல தண்ணிக் கஷ்டம் எதுனா இருக்குதாம்மா?”

முன்சீட்டிலிருந்து டிரைவர் கண்ணாயிரம் கேட்டதும் சிவசங்கரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. போளூரைத் தாண்டி வந்த வாடகைக் கார் ஜவ்வாது மலை ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த எதிர்வீட்டுப் புவனாவிடம் தன் மெக்சிகோ பயணக் கதையை அவள் பத்தாவது முறையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இப்போது கேட்க இன்னொரு ஆள்.

“தண்ணியா? குழாயைத் திறந்தா கொட்டுதுங்க. குவானாஹுவாத்தோன்னு பேரு. நானூறு வருஷத்துக்கு மேல பழைய ஊரு. மலைச்சரிவு முழுக்க மஞ்சளும் நீலமுமா வீடுங்க. பார்த்துக்கிட்டே இருக்கலாம்.”

உண்மையில் அவள் அதிகம் பார்த்தது அந்த ஊர் ஓட்டலின் குளியலறையைத்தான். கணவருடைய கம்பெனி கொடுத்த ஐந்து நாள் சுற்றுலா அது. இறங்கிய அன்று மாலையே தள்ளுவண்டியில் எதையோ வாங்கிச் சாப்பிட்டாள். வயிறு பிடுங்கிக்கொண்டது. மீதி நான்கு நாளும் படுக்கையில். ஊரையும் திருவிழாவையும் படுத்தபடியே போனில் பார்த்தாள். அதைப் போய் யாரிடம் சொல்வது? அதுவும் புவனாவிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் வேலூருக்கே தெரிந்துவிடும்.

“சாப்பாடு இன்னா மாதிரிம்மா?”

“மக்காச்சோளத்தை அரைச்சு ரொட்டி. தொட்டுக்கக் காரமா சட்னி.”

“காரம் துன்றாங்களா!” கண்ணாயிரத்தின் குரலில் ஒரு நிம்மதி. “சாமி பயம் இருக்குதா?”

“இல்லாமலா? செத்துப்போன பெரியவங்களுக்கு வருஷா வருஷம் படையல் போடுறாங்க. போட்டோ வெச்சு, சாமந்திப்பூ போட்டு, அவங்களுக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சு வெப்பாங்க.”

“அட, நம்மள மாதிரியே!”

“டிரைவர் அண்ணன் மெக்சிகோ கிளம்பிட்டாரு போல” என்று புவனா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த கேள்விக்கு வந்துவிட்டார்.

“வயசான மாமனார் மாமியார்லாம் கூடவே இருப்பாங்களா, தனியா வுட்டுடுவாங்களா?”

“தனியாவா? சாயங்காலம் ஆனா தாத்தா பாட்டியோட குடும்பமே கடற்கரைக்கு வந்துடும். நானே தினமும் பார்த்தேன்.”

கார் இரண்டு வளைவு ஏறியது. பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஆம்பளைங்க குடிப்பாங்களாம்மா? தப்பா நெனைக்காதீங்க. எங்க அண்ணன் குடிச்சே செத்தாரு. நாப்பது வயசு கூட ஆவல. அந்த வாசனையே எனக்கு ஆவாது.”

கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்தைப் பார்க்கச் சிவசங்கரிக்குப் பாவமாக இருந்தது. நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

“சேச்சே! அந்த ஊர்ல தேடினாலும் ஒரு சாராயக்கடை கிடையாதுங்க.”

அடுத்த வளைவில் கண்ணாயிரம் காரை ஓரங்கட்டினார். “இங்க மட்டும்தான் டவர் கெடைக்கும். ஒரு நிமிசம்” என்று இறங்கிப் போனைக் காதில் வைத்தார்.

“நிவேதா! அப்பாதான். அங்க ராத்திரியா? தூங்கிட்டியா? நான் ஒத்துக்கிறேம்மா. அந்தப் பையனையே கட்டிக்கோ.”

காரில் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் மகளிடம் ஒப்பித்தார். பேசும்போதே அவர் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் குனிந்தார்.

“எம் பொண்ணும்மா. அந்த ஊர்ல கார் கம்பெனியில இஞ்சினியரு. அந்த ஊருப் பையனையே கட்டிக்கிறேன்னுச்சு. ரெண்டு மாசமா நான் அதுகிட்ட பேசல. பக்கத்து ஊர்ல பொண்ணு குடுக்குறதுன்னா டீக்கடையிலயாவது விசாரிக்கலாம். மெக்சிகோவுல யாரப் போயி கேக்குறது? தெய்வமா வந்தீங்க.”

“முதல்லயே சொல்லியிருக்கலாமே...” என்றாள் சிவசங்கரி.

“சொன்னா எனக்காக நாலு வார்த்த கூட்டிச் சொல்லுவீங்க. அதான் சொல்லல.” போனை அவளிடம் நீட்டினார். “அதுகிட்ட ஒரு வார்த்த பேசுங்க.”

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பக்கத்தில் புவனா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவசங்கரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அக்கா, ரொம்ப நன்றி” என்றது ஓர் இளங்குரல். “அப்பா எல்லாத்தையும் சொன்னாரு. தினமும் கடற்கரைக்குப் போனீங்களாமே? இங்கிருந்து கடலுக்குக் கார்லயே ஆறேழு மணி நேரம் ஆவும்க்கா.”

சிவசங்கரி குரலைத் தாழ்த்தினாள். “அதும்மா... நான் அப்பாகிட்ட இப்பவே...”

“ஐயோ, எதையும் மாத்திச் சொல்லிடாதீங்க! உங்க காலுல வுழறேன்.” குரல் கிசுகிசுப்பாகத் தணிந்தது. “முக்கியமா அந்தச் சாராயக்கடை விசயத்த. எனக்கு மாமனாரா வரப்போறவரு நடத்துறதே அதுதான்.”