பாச்சை உருண்டை கரையும்வரை

பீரோவுக்குள் கஞ்சி போட்ட புடவை ஒன்று மொறுமொறுவென்று இருந்தது. அதன்மேல் பாச்சை உருண்டை காவல் உட்கார்ந்திருந்தது. கதவிடுக்கில் நின்ற கரப்பானுக்கோ வாயெல்லாம் எச்சில். ஆனால் நெடி தாங்காமல் தும்மல்தான் வந்தது.

“அண்ணே, நேத்தைவிட இளைச்சிட்டீங்களே?” என்று தினமும் விசாரித்தது.

“போடா, வேணும்னுதான் உடம்பைக் குறைக்கிறேன்.”

நெல்லிக்காயாக இருந்த உருண்டை சுண்டைக்காயாகி, மிளகாகி, கடுகானது. அதுவரை பட்டினி கிடந்த கரப்பானுக்கு மீசையே தொங்கிவிட்டது. ஒருநாள் காலையில் உருண்டையைக் காணோம். கரப்பான் ஒரே ஓட்டமாக ஓடி முந்தானையில் வாய் வைத்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டம்மா பீரோவைத் திறந்து, நாலு புது உருண்டைகளைப் போட்டு மூடினாள்.

“யாருடா நீ?” என்று நாலும் ஒன்றாக அதட்டின.

கரப்பான் தும்மிக்கொண்டே கும்பிட்டது. “உங்க பெரியப்பா தவறிட்டாருன்னு கேள்விப்பட்டேன். துக்கம் கேட்க வந்தேன்.”