பிரேக் பிடிக்காத கார்

ஜார்ஜியா நாட்டு மலைப்பாதையில் இறங்கும்போது அந்தப் பழைய வாடகைக் காருக்குப் பிரேக் பிடிக்காமல் போனது. டிரைவர் தெமூர் தன் மொழியில் அலறினார். தனியாக ஊர் பார்க்க வந்திருந்த வேணி, "ஐயோ, வளைவு! பாத்து, பாத்து!" என்று தமிழில் கத்தினாள். கயிற்றால் கட்டியிருந்த பின்கதவு பிய்ந்து பள்ளத்தில் விழுந்தது. கடைசியில் கார் ஒரு வைக்கோற்போரில் மோதி நின்றது.

தெமூர் மனைவிக்குப் போன் போட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். பிறகு போனை வேணியிடம் நீட்டி, வீட்டுக்குப் பேசும்படி சைகை காட்டினார். கூப்பிட்டுச் சொல்ல அவளுக்கு யாரும் இல்லை. அவரோ நீட்டிய கையை மடக்கவில்லை. வாங்கி, எந்த எண்ணையும் அழுத்தாமல் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கேன். நீ அழாத."

தெமூர் நாசூக்காகத் தள்ளிப் போய் நின்றார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.