எட்டாவது சிவப்பு

“இன்னும் கொஞ்சம் அடர்த்தியா வேணும்மா. ஆனா ரத்தச் சிவப்பா இருக்கக் கூடாது” என்றபடி பல் டாக்டர் இடது கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏற்கெனவே ஏழு லிப்ஸ்டிக் கோடுகள். கடைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு எட்டாவதை இழுத்தாள்.

மேடம் மாநிறமா, சிவப்பா என்று அவள் கேட்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயசு ஆகிறது, இன்னமும் வெயிலில் நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்று டாக்டர் சொன்னதில் அவளுக்கு மனசே உருகிவிட்டது. இந்தக் காலத்தில் எந்தப் புருஷன் மனைவிக்காக இப்படி மெனக்கெடுகிறான்?

மனைவியாவது, லிப்ஸ்டிக்காவது. டாக்டர் சொன்னது தன்னுடைய காரை.

இரண்டே சீட் உள்ள, தரையோடு தரையாக ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. அவருக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் பச்சை, மஞ்சள், வெள்ளை என்று ஆளுக்கொரு பெயிண்டை அப்பியிருந்தார்கள். கம்பெனி அடித்த ஒரிஜினல் சிவப்பு, பின்விளக்கின் ரப்பருக்கு அடியில் சுண்டுவிரல் நகமளவு மட்டும் மிஞ்சியிருந்தது. பல்லிடுக்கைச் சுரண்டும் கொக்கியால் அதை நோகாமல் பெயர்த்து, தீப்பெட்டிக்குள் பஞ்சு போட்டுப் படுக்க வைத்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

நிறம் அளக்கும் மெஷினுக்கு இந்தத் துணுக்கு போதாது என்று பெயிண்டர் கையை விரித்துவிட்டார். இதே சிவப்பில் பெரிதாக எதையாவது கொண்டுவந்தால் அதை அளந்து பெயிண்ட் கலந்து தருவதாகச் சொன்னார். அன்றிலிருந்து டாக்டர் தக்காளி, பிளாஸ்டிக் வாளி, தீயணைப்பு வண்டி என்று சிவப்பாக எதைக் கண்டாலும் தீப்பெட்டியைத் திறந்தார். ஒற்றைப் பல்லுக்குப் பொருத்தம் பார்க்கவே பதினாறு விதமான வெள்ளை வைத்திருக்கும் மனுஷர், லேசில் திருப்தியாவாரா?

எட்டாவது கோடு தீப்பெட்டித் துணுக்கோடு அச்சு அசலாக ஒத்துப்போனது. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நிறத்தில் ஆறு லிப்ஸ்டிக்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கையைக்கூடக் கழுவாமல் நேராக வீட்டுக்குப் போனார். தப்பு அங்கேதான் நடந்தது.

வீட்டைப் பொறுத்தவரை அந்தக் காரை அவர் போன வருஷமே விற்றுவிட்டார். பதினோரு வருஷம் சமையலறைத் தொட்டியில் கார்புரேட்டர் ஊறியது, கட்டிலுக்கு அடியில் பம்பர் படுத்திருந்தது, மகள் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் பட்டும் நகையுமாகக் காரைத் தெருமுனை வரை தள்ளினார்கள். ஒரு நாள் மனைவி பொறுமையிழந்து, “ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்றாள். டாக்டர் தலையாட்டிவிட்டு, காரைப் பெயிண்டரின் கொட்டகையில் ஒளித்து வைத்தார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

மனைவிதான் கதவைத் திறந்தாள். கையைப் பார்த்தாள், பையைப் பிரித்து ஆறு லிப்ஸ்டிக்கையும் பார்த்தாள். சட்டையை முகர்ந்தாள். பிறகு அவர் விரல்களைப் பிடித்து, ஒவ்வொரு நகக்கண்ணையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

அண்ணன் அரைமணி நேரத்தில் வந்து சேர்ந்தார். அதற்குள் வாசலில் மனைவியின் பெட்டி தயாராக நின்றது.

“மாப்ள, நான் சுத்தி வளைக்கல” என்றார் அண்ணன். “ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமையானா காணாமப் போறீங்களாம். கேட்டா கிளினிக்குன்னு சொல்றீங்களாம். கிளினிக் பூட்டிக் கிடக்கு. இப்ப கையில இந்தக் கோலம். தங்கச்சி மூட்டை கட்டிட்டா. உண்மையச் சொல்லுங்க, எங்க போறீங்க?”

டாக்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் நாளைக் காலையே கார் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும், மச்சானே முன்னால் நின்று நசுக்கிவிட்டு வருவார். பொய் சொன்னால் மனைவி அழுவாள், மாதக்கணக்கில் பேசமாட்டாள். அவள் மேல் அவருக்கு நிஜமாகவே பிரியம். ஆனால் சண்டை என்றைக்காவது ஆறும். நசுங்கிய வண்டி நிமிராது.

“மன்னிச்சிடுங்க மச்சான்” என்றார் தரையைப் பார்த்து. “ஒரு பொண்ணோட பழக்கமாயிடுச்சு.”

அண்ணன் நாற்காலியில் சரிந்தார். மனைவி மட்டும் நின்ற இடத்திலேயே நின்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“சத்தியமா?”

“தொழில் மேல சத்தியமா.”

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் இருந்த பெட்டியைத் தூக்கிக் கொண்டுவந்து, பழையபடி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்:

“அப்பாடா. மறுபடியும் அந்தக் காரோன்னு பயந்துட்டேண்ணா.”