ஒரே விலாசத்தில் இரண்டு பெட்டி

பதினொன்று ஐந்துக்கு நெட் இணைப்பு போயிற்று.

கூடம் முழுக்க முனகல். அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலை ஒன்பதிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தாள்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்குக்கு ஆவணம் தயாரிக்கும் அலுவலகம். பன்னிரண்டு கணினிகள். இரண்டு வாரமாக நெட் வரும், போகும். பாதி ஏறிய ஆவணம் அப்படியே நின்றுவிடும். முந்தாநாள் ஒரு கப்பல் இவர்களுடைய ஆறு கன்டெய்னர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனது.

நான்கு மாதத்துக்கு முன் இந்த இணைப்பு முழுவதையும் போட்டவள் அவள்தான். தனியாகத் தொழில் தொடங்கிப் பிடித்த முதல் அலுவலகம்.

இந்தப் பழுதுக்காக வருவது மூன்றாம் முறை. முதலில் கேபிள்களை மாற்றினாள். அடுத்து, அவை வந்து சேரும் சுவிட்சையே மாற்றினாள். இரண்டு முறையும் அவள் இருந்தவரை ஒழுங்காக ஓடி, படியிறங்கியதும் நின்றது.

இன்று சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாக மேலாளர் அற்புதராஜ் சொல்லிவிட்டார்.

போன முறை சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். நெட் போகும்போதெல்லாம் நேரத்தை எழுதச் சொல்லி. தாளில் பதினொன்றும் மூன்றரையும் திரும்பத் திரும்ப இருந்தன.

தானாகக் கெடும் கருவி நேரம் பார்த்துக் கெடாது.

மடிக்கணினியைப் பார்த்தாள். எல்லாக் கணினிகளும் வெளியே போக ஒரே வாசல், மூலையில் இருக்கும் ரவுட்டர். நெட்வொர்க்கில் அதற்குக் கொடுத்திருந்த விலாசத்துக்குக் கேள்வி அனுப்பினாள். பதில் வந்தது.

பதிலோடு வந்த அடையாள எண் அந்த ரவுட்டருடையது இல்லை. அதே விலாசத்தை வைத்துக்கொண்டு வேறொரு பெட்டி.

சுவிட்சிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினாள். ஒன்பதாவதைப் பிடுங்கியதும் சற்று நேரத்தில், "வந்துட்டு, வந்துட்டு," என்று யாரோ கத்தினார்கள்.

அந்த வயர் போன வழியே நடந்தாள். கழிவறையைத் தாண்டி, பழைய கோப்புகள் வைக்கும் அறை.

கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஜெபமலர், ஆவணப் பிரிவில் வேலை பார்ப்பவள். துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். மடியில் தாய்ப்பால் எடுக்கும் பம்ப். கோப்புக் கட்டில் சாய்த்துவைத்த போனில் ஒரு குழந்தையின் முகம், அசைவில்லாமல் நின்றிருந்தது. தரையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன வைஃபை பெட்டி ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது.



"சார்ட்ட சொல்லிராதீங்கக்கா," என்றாள் ஜெபமலர். "இங்க போன்ல சிக்னலே இல்ல. பிள்ள மூஞ்சியப் பாத்தாத்தான் பால் இறங்குது. இல்லன்னா கட்டிக்கிடுது."

பிறகுதான் ஜெபமலருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நெட் போறது என்னாலயா? ரெண்டு வாரமா நானும்லா சேந்து ஏசிட்டு இருக்கேன்!"

வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

தான் இழுத்த வயரில் குறையில்லை. தான் போட்ட கணக்கில் குறையில்லை. இரண்டு வாரமாக நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போயிற்று.

பெட்டியை மடிக்கணினியோடு இணைத்தாள். அதற்கு வேறு விலாசம் கொடுத்தாள். மற்ற கணினிகளுக்கு வழி சொல்லும் வேலையை அதனிடமிருந்து எடுத்துவிட்டாள். கூடத்துக்குப் போய் ஒன்பதாவது வயரை மாட்டிவிட்டு வந்தாள். ஒரு முனகலும் எழவில்லை.

"இப்பக் கூப்பிடு."

ஜெபமலர் மறுபடி அழைத்தாள். குழந்தை கையை வாய்க்குள் திணித்துக்கொண்டு பார்த்தது. பின்னாலிருந்து அதன் அப்பாவின் குரல்: "ஏட்டி, படம் ஏன் நின்னுட்டு?"

பழுது பார்க்க வந்தவள் மடிக்கணினியோடு வெளியேறிக் கதவைச் சாத்தினாள்.

அற்புதராஜ் எதிரே வந்தார். "என்னம்மா, என்ன கோளாறு?"

எலி கடித்தது என்று சொல்லலாம். வயர் மட்டம் என்று சொல்லலாம். சொன்னால், காரணம் தெரியாமல் நாளைக்கு வேறு யாராவது இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டுவார்கள்.

"ஒரே விலாசத்துல ரெண்டு பெட்டி இருந்துச்சு சார். ஒண்ணு அந்த ஃபைல் ரூம்ல. அங்க சிக்னல் எட்டல, ஒருத்தங்களுக்குத் தேவையா இருந்திருக்கு. விலாசத்த மாத்திட்டேன். இனிமே போகாது. அந்தப் பெட்டி அங்கயே இருக்கட்டும் சார்."

"யாரு வச்சது?"

அவள் கையிலிருந்த மடிக்கணினியை மூடினாள்.

அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பேறுகால விடுப்பு முடிந்து ஜெபமலர் வந்து உட்கார்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்த நாற்காலி. பிறகு மூடிய கதவைப் பார்த்தார். இரண்டடி எடுத்துவைத்தார்.



நின்றார். திரும்பி நடந்து, போனை எடுத்து யாரையோ அழைத்தார்.

"ஆசாரி, நம்ம ஆபீஸ்ல ஒரு கதவுக்கு உள்பக்கமா தாழ்ப்பாள் போடணும்."

எதிர்முனையில் ஏதோ சொன்னார்கள்.

"நாளைக்கு இல்ல வே. இப்ப வாரும்."